மார்க்டவுன் கோப்பை வெற்று உரையாக்கும்போது குறிகளின் பொருள் எங்கே போகிறது?

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ளவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வரும் அறிவித்தல்களில், தலைப்புக்கு முன்னால் இரண்டு ஹாஷ் குறிகளும் (##), திகதியின் இருபுறமும் இரட்டை நட்சத்திரக்குறிகளும் (**) அண்மைக் காலத்தில் அடிக்கடி தென்படுகின்றன. சாட்ஜிபிடி போன்ற உரையாடல் செயலிகள் எழுதித் தரும் உரையை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதால் வரும் குறிகள் இவை. மார்க்டவுன் என்ற எழுத்து முறைக்கு உரியவை. அந்த முறையைப் புரிந்துகொள்ளும் திரையில் அவை மறைந்து, தலைப்பாகவும் தடித்த எழுத்தாகவும் தோன்றும். புரிந்துகொள்ளாத இடத்தில் எழுதியபடியே நிற்கும்.

இவற்றைக் கண்டவுடன் பலரும் செய்வது, தேடி மாற்றும் வசதியைக் கொண்டு எல்லாக் குறிகளையும் ஒரே மூச்சில் அழித்துவிடுவதுதான். உரை பார்வைக்குச் சுத்தமாகிவிடும். ஆனால் குறி சொல்லிக்கொண்டிருந்த செய்தியும் அதனோடு போய்விடும். எந்தக் குறி எந்தச் செய்தியைச் சுமக்கிறது, அதை வெற்று உரையில் எப்படித் தக்கவைப்பது, தமிழில் எழுதும்போது மட்டும் எழும் சிக்கல்கள் எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வெற்று உரை என்பதன் இரண்டு பொருள்கள்

முதற்பொருள் கோப்பைப் பற்றியது. எழுத்துரு, அளவு, நிறம், படம் ஆகிய எதுவுமின்றி எழுத்துகளை மட்டும் வரிசையாகக் கொண்ட கோப்பு வெற்று உரைக் கோப்பு எனப்படும். இந்தப் பொருளில் மார்க்டவுன் கோப்பும் வெற்று உரைக் கோப்புதான். ஆகவே, கோப்பின் பெயரின் இறுதியில் உள்ள ‘எம்டி’ என்ற பின்னொட்டை ‘டிஎக்ஸ்டி’ என்று மாற்றினால் பெயர் மாறுமே தவிர, உள்ளே ஓர் எழுத்துக்கூட மாறாது.

இரண்டாம் பொருள் வாசிப்பைப் பற்றியது. உரையில் உள்ள எந்த எழுத்தும் மென்பொருளுக்கான கட்டளையாக இல்லாமல், எல்லாமே வாசிப்பவருக்கு உரியனவாக இருக்கும் நிலை அது. மாற்றுதல் என்று நாம் சொல்வது, முதற்பொருளில் மட்டும் வெற்று உரையாக இருக்கும் கோப்பை இரண்டாம் பொருளிலும் வெற்று உரையாக்குவதையே குறிக்கும்.

இலகு குறிமொழிகள் வந்த வழி

இணையப் பக்கங்களை ஆக்கும் எச்டிஎம்எல் போன்ற குறிமொழிகளில் ஒவ்வொரு பகுதியையும் திறப்புக் குறிக்கும் மூடும் குறிக்கும் நடுவே எழுத வேண்டும். அப்படி எழுதிய கோப்பை மனிதர் நேரடியாகப் படிப்பது சிரமம். அந்தச் சுமையைக் குறைக்க வந்தவையே இலகு குறிமொழிகள். டெக்ஸ்டைல், ஆஸ்கிடாக் ஆகியவை 2002இலும், ஓர்க் மோட் 2003இலும், மார்க்டவுன் 2004இலும் தோன்றின. மார்க்டவுனை ஜான் குரூபர் வெளியிட்டார். அதன் இலக்கணத்தை அமைப்பதில் ஆரன் சுவார்ட்ஸ் அவருக்குத் துணைநின்றார். குறிகளோடு கூடிய மூல உரையையே ஒருவர் தடையின்றிப் படிக்க முடிய வேண்டும் என்பதுதான் குரூபர் வகுத்த முதன்மை நோக்கம்.

அந்த நோக்கம் ஓரளவே நிறைவேறியது. குரூபரின் விளக்கத்தில் தெளிவில்லாத இடங்கள் இருந்தமையால் ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் பொருள்கொண்டது. இதைச் சீர்செய்ய ஜான் மெக்ஃபார்லேனும் வேறு சிலரும் 2014இல் காமன்மார்க் என்ற துல்லியமான வரையறையை வெளியிட்டார்கள். இருப்பினும் கிளைமொழிகள் ஒழியவில்லை. வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொண்டால், அங்கே ஒற்றை நட்சத்திரக்குறி தடித்த எழுத்தைத் தரும். மார்க்டவுனிலோ அதே குறி சாய்வெழுத்தைத் தரும். எனவே ஒரு கோப்பை மாற்றுமுன் அது எந்த முறையில் எழுதப்பட்டது என்று அறிந்துகொள்வது அவசியம்.

குறி செய்யும் வேலை

மார்க்டவுன் குறிகளைக் கண்ணுக்கு அழகூட்டுவன என்று மட்டும் கருதுவது தவறு. பின்வரும் ஐந்தும், குறியை வெறுமனே அழித்தாலோ கவனிக்காமல் விட்டாலோ உரையின் பொருளே கெடும் இடங்கள்.

1. அடித்தல். ‘~~சனிக்கிழமை~~ ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம்’ என்று எழுதினால், சனிக்கிழமை குறுக்குக் கோட்டால் அடிக்கப்பட்டுத் தோன்றும். அலைக்குறிகளை மட்டும் நீக்கினால் ‘சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம்’ என்று எஞ்சும். பாதிப் பேர் ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்பார்கள். அடித்த சொல்லையும் சேர்த்து நீக்க வேண்டும், அல்லது ‘சனிக்கிழமை நடைபெறவிருந்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது’ என்று சொல்லாலேயே எழுத வேண்டும்.

2. இணைப்பு. சதுர அடைப்புக்குள் சொல்லும் வளைவு அடைப்புக்குள் முகவரியும் இருக்கும். மாற்றும் மென்பொருள்கள் சில, சொல்லை வைத்துக்கொண்டு முகவரியை விட்டுவிடுகின்றன. ‘விண்ணப்பப் படிவத்தை இங்கே பெறலாம்’ என்ற வாக்கியத்தில் ‘இங்கே’ என்பது இணைப்பாக இருந்தால், மாற்றிய பின் அந்த வாக்கியம் எங்கும் அழைத்துச் செல்லாது.

3. மேற்கோள். வரியின் தொடக்கத்தில் உள்ள > என்ற குறி, அந்தப் பந்தி வேறொருவரின் கூற்று என்பதைக் காட்டுகிறது. அதை அழித்தால் சுற்றுநிருபத்தின் வாசகமும் அதை விமர்சிப்பவரின் வாசகமும் ஒன்றாகிவிடும். மேற்கோள் குறியோ, ‘சுற்றுநிருபம் பின்வருமாறு கூறுகிறது’ என்ற அறிமுகமோ அந்த இடத்தில் வந்தாக வேண்டும்.

4. வரி முறிவு. மார்க்டவுனில் ஒரு தடவை ‘என்டர்’ விசையை அழுத்துவது வரி முறிவாகாது. அடுத்தடுத்த வரிகள் ஒரே பந்தியாக இணைக்கப்படும். வரி முறிய வேண்டுமானால் வரியின் இறுதியில் இரண்டு இடைவெளிகளோ ஒரு பின்சாய்வுக்கோடோ (\) இட வேண்டும். இதை அறியாமல் எழுதப்பட்ட கடித முகவரிகளும் கவிதைகளும் மாற்றத்தின்போது ஒரே நீள வரியாகச் சுருண்டுவிடுகின்றன. வரியின் இறுதியில் இருக்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாததால், மூலத்தைப் பார்த்தும் காரணம் பிடிபடாது.

5. பந்தியின் உள்தள்ளல். கடிதம் தட்டச்சு செய்து பழகியவர்கள் பந்தியின் முதல் வரியைச் சில இடைவெளிகள் விட்டுத் தொடங்குவது வழக்கம். நான்கு இடைவெளிகள் இருந்தால் மார்க்டவுன் அந்த வரியைக் கணினிக் கட்டளைத் துண்டு என்று எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்தப் பகுதிக்குள் இருக்கும் குறிகள் எவையும் மாற்றப்படமாட்டா.

இவற்றோடு ஒப்பிடுகையில் தலைப்புக் குறி எளிதானது. ஹாஷை நீக்கி, மேலும் கீழும் ஒரு வெற்று வரி விட்டாலே அது தலைப்பு என்பது விளங்கிவிடும்.

ஆண்டுகளை மாற்றிவிடும் பட்டியல்

மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை குறியை அழிப்பதாலோ தவறவிடுவதாலோ வரும் சேதங்கள். அதற்கு நேரெதிரான சேதமும் உண்டு: எழுதியவர் குறி என்று கருதாத ஒன்றை மென்பொருள் குறியாகக் கருதிவிடுவது. பின்வரும் மூன்று வரிகளைக் கவனிக்கவும்.

1948. இலங்கை சுதந்திரம் பெற்றது.
1956. அரச கரும மொழிச் சட்டம் நிறைவேறியது.
1972. இலங்கை குடியரசானது.

மார்க்டவுனின் விதிப்படி, வரித் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வந்தால் அது எண்ணிட்ட பட்டியலின் உருப்படியாகும். பட்டியலின் முதல் எண் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். அடுத்து வரும் எண்கள் எவையாக இருந்தாலும் வரிசைப்படி புதிதாக இடப்படும். எனவே இந்த உரை ஒரு பந்தியின் தொடக்கத்தில் இருந்து, முறையான மாற்றியின் வழியாக வெளிவந்தால், சுதந்திரம் 1948இலும், மொழிச் சட்டம் 1949இலும், குடியரசு 1950இலும் நிகழ்ந்ததாகக் காட்டும். எழுத்துப்பிழை எதுவும் கண்ணில் படாது. வரலாறு மட்டும் பிழையாகியிருக்கும். பாடக்குறிப்புத் தயாரிக்கும் ஆசிரியர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இடம் இது. ஆண்டுக்குப் பின் முக்காற்புள்ளி (:) இட்டாலோ, புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்வுக்கோடு இட்டாலோ இந்த ஆபத்து நீங்கும்.

தமிழில் மட்டும் வரும் சிக்கல்கள்

மாற்றும் மென்பொருள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. தமிழின் அமைப்பு அவற்றின் எதிர்பார்ப்போடு மோதும் இடங்கள் மூன்று.

முதலாவது, வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின் இடைவெளி வரும். தமிழில் உருபு சொல்லோடு ஒட்டி நிற்கும். **“நவராத்திரி விழா”**வுக்கு அனைவரையும் அழைக்கிறோம் என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். காமன்மார்க் விதி என்ன சொல்கிறதென்றால், மூடும் நட்சத்திரக்குறிக்கு முன்னால் நிறுத்தக்குறி இருந்தால், அதற்குப் பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தக்குறியோ இருக்க வேண்டும். இங்கே முன்னால் மேற்கோள் குறி. பின்னால் ‘வு’ என்ற எழுத்து. ஆகவே அந்தக் குறி மூடும் குறியாக ஏற்கப்படாது. நான்கு நட்சத்திரங்களும் அப்படியே வெளிவரும். கீழ்க்கோட்டால் சாய்வெழுத்து இடும் முறை இன்னும் கண்டிப்பானது: _கொழும்பு_வில் என்று எழுதினால், மேற்கோள் குறி இல்லாவிட்டாலும் அது ஏற்கப்படாது. தமிழ் எழுதுபவர்கள் கீழ்க்கோட்டைத் தவிர்த்து நட்சத்திரக்குறியைப் பயன்படுத்துவதும், உருபையும் சேர்த்தே குறிகளுக்குள் அடைப்பதும் பாதுகாப்பானது.

சொந்தமாகச் சிறு மாற்றிகளை எழுதுபவர்களுக்கு இதே இடத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சொல்’ என்று தேடும்போது, ‘சொல்லின் எழுத்து’ என்பதற்குரிய சுருக்கக் குறியை இடுவார்கள். பைதான் மொழியோடு வரும் தேடல் நூலகத்தில் அந்தச் சுருக்கம் தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. ஜாவாஸ்கிரிப்டிலோ அது தமிழ் எழுத்து எதையுமே கொள்வதில்லை. ஆங்கிலச் சொற்களில் சோதித்துச் சரியென்று கண்ட மாற்றி, ‘*கொழும்பு*’ என்ற ஒரு சொல்லிலேயே தோற்றுப்போகும்.

இரண்டாவது, அழுத்தம். வெற்று உரையில் தடித்த எழுத்து இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு ஈடாகப் பெரிய எழுத்துகளில் எழுதுவார்கள். பாண்டொக் என்ற மாற்றியில் ‘குட்டன்பர்க்’ என்ற விருப்பத்தேர்வை இயக்கினால், தடித்த சொற்கள் பெரிய எழுத்துகளாக மாறும். தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது, சிங்களத்துக்கும் கிடையாது. ஆகவே அந்தத் தேர்வின் கீழ் ஆங்கிலப் பகுதியில் அழுத்தம் நிற்கும், தமிழ்ப் பகுதியிலும் சிங்களப் பகுதியிலும் சத்தமின்றி மறைந்துவிடும். மும்மொழியில் வரும் ஓர் அறிவித்தலில், ‘கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற எச்சரிக்கை ஒரு மொழியில் மட்டும் உரத்தும், மற்ற இரண்டில் தாழ்ந்தும் ஒலிப்பது நியாயமல்ல. தமிழில் அழுத்தத்தை ஏற்றுவதற்குத் தமிழுக்கே வழிகள் உண்டு: ஏகார இடைச்சொல், ‘மட்டும்’, ‘கட்டாயம்’, ‘கவனிக்கவும்’ போன்ற சொற்கள், அல்லது அந்த வாக்கியத்தைத் தனி வரியாக நிறுத்துவது.

மூன்றாவது, அட்டவணை. நிரல்களை இடைவெளிகளால் நேர்ப்படுத்தும் முறை, எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தமிழில் ‘ர’ ஒடுங்கியது, ‘ண’ அகன்றது, ‘ணௌ’ இன்னும் அகன்றது. புள்ளி தனி இடம் பிடிப்பதில்லை. இடைவெளிகளை எத்தனை எண்ணி இட்டாலும் கைத்தொலைபேசித் திரையில் நிரல்கள் ஒன்றோடொன்று மோதும். அட்டவணையின் ஒவ்வொரு நிரையையும் தனித்தனி வாசகமாக எழுதுவதே இதற்குத் தீர்வு. உதாரணமாக, தரம், நாள், நேரம் என்று மூன்று நிரல்கள் கொண்ட வகுப்பு அட்டவணை பின்வருமாறு மாறும்.

தரம் 10: செவ்வாய், பிற்பகல் 3.30
தரம் 11: வியாழன், பிற்பகல் 4.00

நீளம் கூடினாலும், எந்தத் திரையிலும் இது குலையாது. பார்வையற்றவர்களுக்காகத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளிலும் பொருள் தொடர்ச்சியாகக் கேட்கும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

நகலெடுத்த உரையில் மறைந்திருக்கும் அகலமற்ற எழுத்துகளை எல்லாம் துடைத்துவிடுமாறு சில வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. தமிழ் உரை மட்டும் இருக்கும் கோப்பில் அதனால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் கொழும்பில் தயாராகும் அறிவித்தல்கள் பலவற்றில் சிங்களமும் அதே கோப்பில் இருக்கும். சிங்களத்தில் சில கூட்டெழுத்துகள், அகலமற்ற இணைப்பான் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தைக் கொண்டே உருவாகின்றன. ‘ஸ்ரீ லங்கா’ என்று சிங்களத்தில் எழுதும்போது வரும் ‘ஸ்ரீ’யே அப்படிப்பட்டதுதான். மறை எழுத்துகளைத் துடைத்தால் நாட்டின் பெயரே உடைந்து தெரியும்.

சேமிக்கும் இடத்தில் நிகழும் இழப்பு

மாற்றம் சரியாக முடிந்த பிறகும், சேமிக்கும்போது எல்லாவற்றையும் இழக்க முடியும். கணினியில் எழுத்துகள் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன; எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒப்பந்தமே குறியாக்கம். இன்றைய பொது ஒப்பந்தம் யுனிகோட். அதைக் கோப்பில் எழுதும் பரவலான முறை யுடிஎஃப்-8. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியலகும் (தனி எண் பெற்ற எழுத்து, உயிர்க்குறி அல்லது புள்ளி) மூன்று பைட்டுகளைப் பிடிக்கும். விண்டோஸ் நோட்பேட் 2019 முதல் இயல்பாகவே யுடிஎஃப்-8இல் சேமிக்கிறது. பழைய கணினிகளில் ‘ஆன்சி’ என்ற தெரிவு முன்னிருப்பாக இருக்கும். அதில் தமிழுக்கு இடமே இல்லையாதலால், சேமித்து மூடியவுடன் எழுத்துகள் யாவும் கேள்விக்குறிகளாகிவிடும். அவற்றை மீட்க வழியில்லை.

இலங்கையில் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட பாமினி எழுத்துருவில் அமைந்த ஆவணங்கள் இதைவிடச் சிக்கலானவை. அங்கே கோப்பில் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளே; எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அரைப்புள்ளி விசையே மெய்யெழுத்தின் புள்ளியாக நிற்கும். வெற்று உரைக்கு எழுத்துரு கிடையாதாகையால், மாற்றியவுடன் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகிவிடும். நிறுத்தக்குறி விசைகளும் எழுத்துகளாகப் பயன்படுவதால் எது குறி, எது எழுத்து என்று மாற்றிக்கும் புலப்படாது. இத்தகைய ஆவணத்தை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, அதன் பின்னரே குறிகளைக் கவனிக்க வேண்டும். தமிழ் இலக்கிய நூல்களை இணையத்தில் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் டிஸ்கி என்ற பழைய குறியாக்கத்திலிருந்து யுனிகோடுக்கு மாற்றப்பட்டவையே. வெற்று உரை நீண்டு வாழ்வது உண்மை, ஆனால் குறியாக்கம் கூடவே பேணப்பட்டால் மட்டும்.

குறுஞ்செய்தியின் கணக்கு

வெற்று உரை கட்டாயமாகும் இடங்களில் குறுஞ்செய்தி முதன்மையானது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் எழுத்து ஒன்று வந்தாலே அந்த வரம்பு 70 குறியலகுகளாகச் சுருங்கிவிடும். அதைத் தாண்டினால் செய்தி 67 குறியலகுகள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து, துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கிடப்படும். குறியலகு என்பது நாம் எண்ணும் எழுத்தல்ல. ‘கொழும்பு’ நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறியலகுகள்.

‘நவராத்திரி விழா நாளை மாலை 6 மணிக்கு’ என்ற வரி, இடைவெளிகளையும் சேர்த்துச் சரியாக 35 குறியலகுகள். அதாவது ஒரு குறுஞ்செய்தியின் பாதி. இதை மார்க்டவுன் தலைப்பாக்கி, விழாவின் பெயரைத் தடித்த எழுத்தாக்கியிருந்தால், இரண்டு ஹாஷ்களும் ஓர் இடைவெளியும் நான்கு நட்சத்திரங்களும் சேர்ந்து 42 ஆகும். பயனற்ற ஏழு குறியலகுகளால் செய்தி இரண்டு துண்டாகும் வாய்ப்பு உண்டு. பல நூறு பெற்றோருக்கு அனுப்பும் பாடசாலைக்கு இது கட்டணத்தில் தெரியும் வேறுபாடு.

மாற்றும் முறை

நம்பகமான மாற்றிகள் குறிகளைத் தேடி அழிப்பதில்லை. முதலில் ஆவணத்தை முழுமையாகப் படித்து, எது தலைப்பு, எது பட்டியல், எது மேற்கோள் என்று ஒரு மரவடிவில் பகுத்துக்கொள்கின்றன. பின்னர் அந்த மரத்திலிருந்து வெற்று உரையைப் புதிதாக எழுதுகின்றன. ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டொக் இவ்வகையில் மிகப் பரவலானது. மார்க்டவுன், ஓர்க் மோட் உள்ளிட்ட பல வடிவங்களைப் படித்து வெற்று உரையாகத் தருகிறது, அடிக்குறிப்புகளை இறுதியில் எண்ணிட்டுச் சேர்க்கிறது. தமிழுக்கு அதைப் பயன்படுத்தும்போது இரண்டு இயல்பமைப்புகளைக் கவனிக்க வேண்டும். அது வரிகளை 72 நிரல்களில் முறிக்கும். அகலம் சீரற்ற தமிழில் அந்த முறிவு ஒழுங்கற்றுத் தெரியும், கைத்தொலைபேசியில் அரைகுறை வரிகளாகும். எனவே வரி முறிப்பை நிறுத்திவிடுவதே நல்லது. அடுத்து, அது இணைப்புகளின் முகவரிகளை விட்டுவிடும். மாற்றுமுன் முகவரிகளை உரையிலேயே எழுதிவிட வேண்டும்.

சிறு அறிவித்தலுக்கு மென்பொருளே தேவையில்லை. கையால் மாற்றுவதே மேல். அப்போது பின்வரும் வரிசை உதவும்.

1. அடித்த சொற்கள், இணைப்புகள், மேற்கோள்கள் ஆகிய மூன்றையும் முதலில் தேடி, அவற்றின் பொருளை வாக்கியமாக எழுதுக.
2. அட்டவணைகளை நிரைநிரையாகப் பிரித்து எழுதுக.
3. தடித்த சொற்களில் எவற்றுக்கு உண்மையில் அழுத்தம் தேவை என்று தீர்மானித்து, அவற்றுக்கு மட்டும் சொல்லால் அழுத்தம் தருக. உரையாடல் செயலிகள் பெரும்பாலும் தடித்த சொற்களைத் தாராளமாக இடுவதால், இவற்றில் பெரும்பகுதியைத் தயக்கமின்றி விடலாம்.
4. அதன் பின்னரே எஞ்சிய குறிகளை நீக்குக.
5. எண்களையும் திகதிகளையும் மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுக.
6. யுடிஎஃப்-8இல் சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பார்க்குக.

மூல மார்க்டவுன் கோப்பை அழிக்கக் கூடாது. வெற்று உரையாக மாறிய பின், எந்த வரி தலைப்பாக இருந்தது, எந்தச் சொல் இணைப்பாக இருந்தது என்பதை அந்த உரையிலிருந்து எந்த மென்பொருளாலும் உறுதியாக மீட்க முடியாது. விழாவின் நேரம் மாறினால் திருத்தத்தை மூலத்தில் செய்து, அங்கிருந்தே வாட்ஸ்அப்புக்கு ஒன்றும் குறுஞ்செய்திக்கு ஒன்றும் அறிவித்தல் பலகைக்கு ஒன்றுமாக மீண்டும் ஆக்கிக்கொள்ள வேண்டும்.